காலுக்குக் கீழே நகரும் தகடுகள்: கொழும்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். எங்கேயாவது பெரிய பூமியதிர்ச்சி என்று செய்தி வந்தால் போதும், அன்றைக்கு வகுப்பில் வேறு பாடம் நடக்காது. பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும், எங்கள் தொடர்மாடியில் இருக்கும் பெரியவர்களும் படிக்கட்டில் மறித்துக் கேட்பார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

மிஸ், தகடு எண்டால் என்ன? தரைக்குக் கீழ பீங்கான் மாதிரி ஏதும் இருக்கா?

தரைக்குக் கீழே தேட வேண்டாம், தரையே தகட்டின் மேற்பரப்புதான். பூமியின் வெளிப்பக்கம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தடிப்புள்ள கெட்டியான பாறை ஓடு. அது வெடித்துப் பல துண்டுகளாகக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு தகடு. பசிபிக், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, யூரேசியா, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா, இந்து-அவுஸ்திரேலியா என்று பெரியவை ஏழு. இடையிடையே சின்னவை பல. பாடநூலில் கவசத்தகடு என்றும் செய்தியில் புவித்தட்டு என்றும் வருவது இதுதான்.

கண்டம்தான் தகடு என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அது பிழை. கடலடித் தரையும் தகட்டின் பகுதிதான். காலிமுகத்திடலில் அலை தொடங்கும் இடத்தில் தகடு முடிவதில்லை, தண்ணீருக்கடியில் அப்படியே தொடர்ந்து போகிறது.

நாங்க எந்தத் தகட்டில இருக்கிறம்? எல்லை கிட்டவா, தூரமா?

இலங்கையும் இந்தியாவும் ஒரே இந்தியத் தகட்டில் இருக்கின்றன, மேலே இந்து-அவுஸ்திரேலியா என்று சொன்னதன் இந்தியப் பகுதி அது. கிழக்கே அதன் விளிம்பு அந்தமான், சுமாத்திரா பக்கம். வடக்கே இமயமலை. மேற்கே அரபிக் கடலடியில் ஓடும் கார்ல்ஸ்பர்க் மலைத்தொடர். கொழும்பிலிருந்து இந்த மூன்றில் எதை எடுத்தாலும் 1000 கிலோமீற்றருக்கு மேல். தெற்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் சிக்கலானது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தகடு உருகின குழம்புக்கு மேல மிதக்குதுதானே? புத்தகப் படத்தில சிவப்பா இருக்குதே.

அந்தச் சிவப்பு நிறம்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. தகட்டுக்குக் கீழே சுமார் 2900 கிலோமீற்றர் ஆழம் வரை இருக்கும் மூடகம் உருகிய குழம்பு அல்ல. அது திண்மப் பாறை. அங்கங்கே சிறு பங்குதான் உருகியிருக்கும், எரிமலைக்கு வருவது அந்தப் பங்கு.

திண்மம் எப்படி நகரும்? காலி வீதியில் வேலை நடந்தபோது ஒரு தார்ப் பீப்பா சரிந்து கிடந்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். தார்க்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல நொறுங்கும். ஆனால் சரிந்த பீப்பாவின் வாயிலிருந்து அதே தார் ஒரு வாரத்தில் நாக்கு நீட்டியதுபோல வழிந்திருந்தது. சட்டென்று அடித்தால் கல், பொறுமையாக அழுத்தினால் ஓட்டம். சூடேறிய மூடகப் பாறையும் அப்படித்தான், வாரத்துக்குப் பதில் இலட்சக்கணக்கான வருஷங்கள் எடுக்கும்.

அப்ப அதை எது தள்ளுது?

தள்ளுவதைவிட இழுப்பதுதான் அதிகம். கடலடித் தகடு வயதாக ஆகக் குளிர்ந்து கனக்கும். விளிம்பில் அது இன்னொரு தகட்டுக்குக் கீழே சரிந்து மூடகத்துக்குள் இறங்கும்போது, பின்னால் உள்ள பகுதியையும் சேர்த்து இழுக்கிறது. கொடியில் ஈரச் சேலையை ஒரு பக்கம் நீளமாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். கனத்த பக்கம் மெல்ல மெல்ல மற்றப் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு வழுக்கி விழும். கடலடி மலைத்தொடர்கள் உயரமாக இருப்பதால் அங்கிருந்து சரியும் தள்ளலும் உண்டு, ஆனால் பெரிய பங்கு இந்த இழுவைக்குத்தான்.

இதற்கெல்லாம் மூலம் பூமியின் உள்வெப்பம். பூமி உருவானபோது சேர்ந்த சூடு ஒரு பங்கு. யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கதிரியக்கம் இன்னொரு பெரிய பங்கு. தோரியம் நிறைந்த தோரியனைற்று என்ற கனிமத்தை உலகுக்கு முதலில் கண்டெடுத்துக் கொடுத்தவர் நம் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலை ஆய்வாளராகத்தான் அவரைப் பலருக்குத் தெரியும். அதற்கு முன் அவர் இலங்கைக் கனிம அளவைத் திணைக்களத்தின் முதல் இயக்குநராக இருந்து, மலைநாடெல்லாம் நடந்து கல் பொறுக்கியவர். இதைச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை முடிப்பதில்லை.

வருஷத்துக்கு எவ்வளவு நகருது? ஏன் எங்களுக்குத் தெரியேல்ல?

இந்தியத் தகடு வருஷத்துக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வடகிழக்காகப் போகிறது. வாசலில் நிற்கும் ஓட்டோவின் நீளத்தைக் கடக்க அரை நூற்றாண்டு வேண்டும். வீடு, வீதி, கடற்கரை, நாம் எல்லாம் சேர்ந்தே போவதால் ஒப்பிட்டுப் பார்க்க அருகில் நிற்கும் பொருள் எதுவும் இல்லை. செய்மதியிலிருந்து ஜிபிஎஸ் கருவியால் அளந்தால் சில வருஷங்களிலேயே தெளிவாகத் தெரிகிறது.

இதை முதல்ல யார் கண்டுபிடிச்சது? எப்பிடி நம்பினவை?

லேசில் நம்பவில்லை. கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து விலகின என்று ஜெர்மனியரான அல்பிரட் வெகனர் 1912 இல் சொன்னார். எது நகர்த்துகிறது என்பதற்கு அவரிடம் சரியான பதில் இல்லை, அதனால் ஒதுக்கினார்கள். 1930 இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோதும் கருத்து ஒதுக்கப்பட்டே கிடந்தது.

1950களில் மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண், கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்து அத்திலாந்திக் கடலடியை வரைந்தார். பெண் என்பதால் அந்தக் கப்பல்களில் ஏற அவருக்கு அனுமதி இல்லை. நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு நீளமாக ஓடுவதை அவர் வரைபடத்தில் கண்டார். கூட வேலை செய்தவரே முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். பிறகு அவர் சொன்னதே சரி என்றானது. என் வகுப்பில் படிக்கும் பெண்பிள்ளைகள் இந்தப் பெயரை மறக்கக்கூடாது என்பது என் விருப்பம்.

அசைக்க முடியாத சான்று 1963 இல் வந்தது, அதுவும் நம் இந்து சமுத்திரத்திலிருந்து. கார்ல்ஸ்பர்க் மலைத்தொடருக்கு மேலே கப்பலில் எடுத்த காந்த அளவுகளை பிரெட் வைன், டிரமண்ட் மத்தியூஸ் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகப் புரண்டிருக்கிறது. புதிதாகக் கசிந்து உறையும் எரிமலைப் பாறை அந்தந்தக் காலத்துத் திசையைத் தனக்குள் பதித்துக்கொள்ளும். கடலடியில் அது வரிவரியாக இருக்கிறது, தொடரின் இரு பக்கமும் ஒத்த வரிகள். நடுவில் புதுத் தரை பிறந்து இரு பக்கமும் விலகிப் போகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

விளிம்பில என்னதான் நடக்குது?

மூன்று விதம். விலகலாம், அங்கே புதுத் தரை பிறக்கும். மேலே சொன்ன கடலடி மலைத்தொடர்கள் அப்படிப்பட்டவை. உராய்ந்து வழுக்கலாம். 2025 மார்ச் 28 அன்று மியன்மாரில் மண்டலே பக்கம் 7.7 அளவில் அதிர்ந்த சகாயிங் பிளவு அந்த இனம்.

மூன்றாவது, மோதலாம். கடலடித் தகடு மோதினால் கனத்தால் கீழே போய்விடும். சுமாத்திராவில் நடப்பது அதுதான், அங்கே எரிமலை வரிசை இருப்பதும் அதனால்தான். இரண்டு பக்கமும் கண்டமாக இருந்தால் இரண்டுமே லேசு, எதுவும் முழுதாகக் கீழே போகாது, நசிந்து மேலெழும். இமயமலை அப்படி வந்தது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலுயிர்களின் எச்சங்கள் கொண்ட சுண்ணாம்புக்கல். இன்று 8848.86 மீற்றர் உயரத்தில் நிற்கும் அந்தக் கல் ஒரு காலத்தில் கடலடிச் சேறு.

இலங்கையும் இந்தியாவும் கிட்டக் கிட்ட வந்து ஒருநாள் முட்டுமா?

முட்டாது. ஒரே தகட்டில் இருப்பதால் இரண்டும் ஒரே பஸ்ஸில் இரண்டு இருக்கையில் இருப்பவர்கள் மாதிரி. மோதல் சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்பு ஆசியாவோடு தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. நேபாளத்தில் 2015 ஏப்ரலில் 7.8 அளவில் அதிர்ந்து ஏறத்தாழ 9000 பேர் இறந்ததும் அந்த நெருக்குதலால்தான்.

இமயமலை நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். கங்கையும் பிரமபுத்திராவும் அரித்துக் கொண்டுவரும் அதன் மண் வங்காள விரிகுடா வழியே தெற்கே பரவி, மட்டக்களப்புக்கு அப்பால் உள்ள ஆழ்கடல் தரையையும் மூடிக்கிடக்கிறது.

அப்ப இலங்கை இந்தியாவில இருந்து பிளந்து வந்ததில்லையா? இராமர் பாலம் அந்தப் பிளவுதானே?

இராமர் பாலம் தகட்டு எல்லை அல்ல. அது மணல் திட்டுகளும் ஆழமற்ற பாறைத் திட்டுகளும் சேர்ந்த வரிசை. பாக்கு நீரிணை மிகவும் ஆழம் குறைந்தது. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்பு, பனிக்காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அப்போது அங்கே நடந்தே போகலாம். நம்மைத் தீவாக்கியது உயர்ந்து வந்த தண்ணீர்.

நுவரெலியா மலையெல்லாம் பழைய எரிமலையா, டீச்சர்?

இல்லை. நம் மலைநாட்டுப் பாறைகள் ஆழத்தில் வெந்து, நசிந்து உருமாறியவை. 50 கோடி வருஷத்துக்கும் முன்பு கண்டங்கள் மோதி கொண்டுவானா என்ற பெருங்கண்டம் சேர்ந்தபோது, அவை பல பத்துக் கிலோமீற்றர் ஆழத்தில் இருந்தன. மேலே இருந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் கரைந்து போக, அடித்தளம் வெளியே வந்துவிட்டது. பீதுருதாலகால உச்சியில் நிற்கும்போது, ஒரு பழைய மலைத்தொடரின் வேரில் நிற்கிறீர்கள்.

கொண்டுவானா உடைந்தபோது நம் அயலவர்கள் சிதறினார்கள். இந்தியாவின் தென்முனை, மடகஸ்கார், கிழக்கு அந்தாட்டிக்கா ஆகியவற்றில் இதே வகைப் பாறைகள் இருக்கின்றன. இரத்தினபுரியில் நீலக்கல் கிடைப்பதுபோல மடகஸ்காரிலும் கிடைப்பது இந்தப் பழைய உறவால்தான். செட்டியார் தெருவில் மோதிரத்துக்குக் கல் பார்க்கும்போது அந்தக் கல்லின் வயதையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கன்னியாவில வெந்நீர் வருதே பிள்ளை, அப்ப அடியில எரிமலை இருக்கத்தானே வேணும்?

இதைக் கேட்டவர் தன் அம்மாவின் கிரியைக்காகத் திருகோணமலை போய் கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் குளித்துவிட்டு வந்த ஐயா ஒருவர். கீழே எரிமலை இல்லை, பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சுமார் 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும். மழைநீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. மகாஓயா, மகாபெலஸ்ஸ ஊற்றுகளும் அப்படித்தான்.

தகட்டின்ர நடுவில எரிமலையே வராதா?

வரும், அபூர்வமாக. மூடகத்தின் ஆழத்திலிருந்து சூடான பாறை தூண்போல எழும் இடங்கள் உண்டு. ஹவாய் அப்படி. இந்தியத் தகடும் வடக்கே வரும் வழியில் ஒன்றின் மேலாகக் கடந்தது. சுமார் 6 கோடி 60 இலட்சம் வருஷத்துக்கு முன்பு தக்காண எரிமலைக் குழம்பு கொட்டியது அதனால்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பிறகு தகடு நகர நகர இலட்சத்தீவு, மாலைதீவு என்று புள்ளி வைத்ததுபோல ஒரு வரிசை. மாலைதீவின் பவளத்துக்கு அடியில் பழைய எரிமலைப் பாறை இருக்கிறது. அந்தச் சூட்டிடம் இன்று றீயூனியன் தீவுக்கு அடியில்.

தகடு நகரும் எண்டால் குமரிக்கண்டம் தாழ்ந்ததும் உண்மையாத்தானே இருக்கும்?

இதைக் கேட்பவர்கள் மனம் நோகாமல் பதில் சொல்ல வேண்டும், பொய்யும் சொல்லக்கூடாது. கண்டப் பாறை லேசானது என்று மேலே சொன்னேன். இமயமலையில் இத்தனை நெருக்குதலிலும் கீழே போகாத ஒன்று, இந்து சமுத்திர நடுவில் முழுக்கண்டமாக மூழ்கிவிடாது. நமக்குத் தெற்கே ஆழ்கடல் தரை எரிமலைப் பாறையால் ஆன சாதாரணக் கடலடி. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இலெமூரியா என்ற பெயரை 1864 இல் பிலிப் ஸ்கிலேற்றர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்தார், மடகஸ்காரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருந்ததை விளக்க. இரண்டையும் இணைத்த நிலப்பாலம் ஒன்று மூழ்கியது என்று அவர் எண்ணினார். உண்மையில் இரண்டு கரைகளும் ஒட்டியிருந்து பிரிந்தவை.

ஆனால் கடல் கொண்டது என்ற நம் முன்னோரின் நினைவு வெறும் கற்பனை என்றும் நான் சொல்லமாட்டேன். இராமர் பாலக் கேள்வியில் சொன்ன அந்த 120 மீற்றர் உயர்வு தென்தமிழகக் கரையிலும் நம் கரையிலும் நிறைய நிலத்தை எடுத்திருக்கிறது. ஆழிப்பேரலைகளும் வந்திருக்கலாம். கண்டம் வேறு, கரையோர நிலம் வேறு.

2004 இல எங்களுக்கு நிலம் பெரிசா ஆடவே இல்ல. கடல் மட்டும் எப்பிடி வந்தது?

அன்று டிசம்பர் 26, போயா என்ற பௌர்ணமி விடுமுறை தினம். காலை 6.59 அளவில் சுமாத்திராவுக்கு அருகே எல்லை உடைந்தது, அளவு 9.1. உடைவு அங்கிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1300 கிலோமீற்றர் நீளம் ஓடியது. கீழே போகும் தகடு வழுக்கிப் போகாமல் மேல் தகட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, பல நூறு வருஷம் அதையும் சேர்த்து வளைத்திருந்தது. மேசை விளிம்பில் அடிமட்டத்தை அழுத்தி வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் சடாரென்று நிமிருமே, அதுபோல மேல் தகடு நிமிர்ந்தது. கடலடி பல மீற்றர் எழும்ப, அதற்கு மேல் நின்ற முழுக் கடலும் எழும்பியது.

ஆழ்கடலில் அந்த அலை மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் ஓடும், உயரம் ஒரு மீற்றர்கூட இருக்காது. கரையில் ஆழம் குறையும்போது வேகம் குறைந்து உயரும். நம் கிழக்குக் கரைக்கு வர சுமார் இரண்டு மணி நேரம் எடுத்தது. பசிபிக்கில் 1949 முதல் எச்சரிக்கை முறை இருந்தது, இந்து சமுத்திரத்தில் அன்று எதுவும் இல்லை. இலங்கையில் 30,000 க்கு மேற்பட்டோர் போனார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

2012 இல கொழும்பே ஆடிச்சு, ஆனா கடல் வரேல்ல. ஏன்?

ஏப்ரல் 11, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முந்தி. பகல் இரண்டு மணி தாண்டி, என் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலுக்குள் நீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து ஆடியது. பிள்ளைகள் அதைத்தான் முதலில் கண்டார்கள். கதிரை ஆடுவது பிறகுதான் உறைத்தது. அளவு 8.6, இரண்டு மணி நேரம் கழித்து 8.2. சுமாத்திராவுக்கு மேற்கே, எல்லைக்கு வெளியே, நம் பக்கத்துத் தகட்டுக்குள்ளேயே உடைந்தது.

அங்கே பாறைகள் பக்கவாட்டில் வழுக்கின. கடலடி மேலே எழும்பாததால் தண்ணீரும் பெரிதாக எழும்பவில்லை. குளிக்கிற வாளிக்குள் உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்திப் பாருங்கள், பிறகு கையைக் கத்திபோல் வைத்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். அன்று எச்சரிக்கை கொடுத்து மக்களை வெளியேற்றியது வீண்வேலை என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முதல் சில நிமிஷங்களில் அளவுதான் தெரியும், எந்தப் பக்கம் வழுக்கியது என்பது பிறகுதான் தெரியவரும்.

இலங்கைக்குத் தெற்கே புது எல்லை ஒண்டு உருவாகுதாமே?

இதில் உண்மை இருக்கிறது. மேலே ஏழு தகடு என்று எண்ணியபோது இந்து-அவுஸ்திரேலியா என்று ஒன்றாகச் சொன்னேன். வடக்கே இந்தியப் பகுதி இமயமலையில் தடைபட்டு நிற்க, அவுஸ்திரேலியப் பகுதி வேறு வேகத்தில் போகிறது. அதனால் இரண்டுக்கும் இடையே கடலடி பரந்த பரப்பில் மடிந்தும் வெடித்தும் வருகிறது. 2012 உடைவும் அதன் ஒரு பகுதி. ஆனால் கத்தியால் வெட்டியதுபோன்ற எல்லை ஆக இன்னும் பல பத்து இலட்சம் வருஷங்கள் வேண்டும். நாளைக்கே காலியில் எரிமலை வரும் என்று பரப்புவது பிழை.

நடுவில இருக்கிறதால எங்களுக்கு நடுக்கமே வராதா?

குறைவு, இல்லை என்றில்லை. எல்லையில் ஏறும் நெருக்குதல் தகடு முழுவதும் பரவும், பழைய வெடிப்பு இருக்கும் இடத்தில் விடுபடும். குஜராத்தின் பூஜ் எல்லையில் இல்லை, ஆனாலும் 2001 ஜனவரி 26 இல் 7.7. இங்கே 1615 ஏப்ரலில் கொழும்பு பலமாக அதிர்ந்ததாகப் போர்த்துக்கேயர் காலப் பதிவு ஒன்று சொல்கிறது. 2020 இல் கண்டி திகனைப் பக்கம் சிறு நடுக்கங்கள் வந்தன. பல்லேகலையில் நடுக்கமானி இருப்பது இவற்றைக் கவனிக்கத்தான். மாடி கட்டுபவர்கள் கம்பியிலும் சீமெந்திலும் மிச்சம் பிடிக்காமல் இருக்க இது போதிய காரணம்.

வட்ஸ்அப்பில திகதி, நேரம் போட்டு வருது. நம்பலாமா?

நம்பாதீர்கள், அனுப்பாதீர்கள். எங்கே நெருக்குதல் சேர்கிறது என்று சொல்லலாம், எந்த நாள் உடையும் என்று உலகில் எவராலும் சொல்ல முடியாது. ஆனால் உடைந்த பிறகு நமக்கு நேரம் இருக்கிறது. நடுக்க அலை சுமாத்திராவிலிருந்து நாலைந்து நிமிஷத்தில் வந்துவிடும், கடல் வர மணிக்கணக்காகும். சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழையுங்கள்.

நாங்க வெள்ளவத்தையில அஞ்சாம் மாடி. எச்சரிக்கை வந்தால் கீழ இறங்கி ஓடுறதா?

உறுதியான கொங்கிறீற்றுக் கட்டடம் என்றால் மேலேயே இருங்கள். கீழே இருப்பவர்களை, குறிப்பாகக் கடற்கரை வீதிப் பக்கம் இருப்பவர்களை, மேலே கூப்பிடுங்கள். நிலம் ஆடும்போது லிப்டில் ஏறாதீர்கள். தண்டவாளப் பக்கம் கடல் பார்க்கப் போகாதீர்கள். 2004 இல் களுத்துறையில் கடல் நூற்றுக்கணக்கான மீற்றர் உள்வாங்கியது செய்மதிப் படத்திலேயே இருக்கிறது, பலர் அதைப் பார்க்கத்தான் இறங்கினார்கள். அதே நாள், ஹிக்கடுவைக்கு அருகே உள்ள பெரெலியவில் முதல் அலை ஒரு பயணிகள் ரயிலை நிறுத்தியது. தப்ப நினைத்த ஊர்ச்சனமும் அந்த ரயிலுக்குள் ஏறியது. அடுத்து வந்த பெரிய அலைதான் அவர்களை எடுத்தது. முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்கத் திரும்பாமல், ஆபத்து நீங்கியது என்ற அறிவித்தல் வரும்வரை மேலேயே இருங்கள்.